நடையும் ஒரு மருந்து

கடலும் உழைப்பும்

தென்பாண்டிக் கடற்கரை முத்தினால் பெருமை பெற்றது. தாமிரபரணி கடலொடு கலந்த இடத்தில் முன்னாளில் விளங்கிய துறைமுகம் கொற்கை. அதன் முத்தைச் சங்கச் சான்றோர் பாடினர். யவன வணிகர் விரும்பி வாங்கினர். ஆற்று மணல் படிந்து கடல் விலகவே, கொற்கை உள்நாட்டுச் சிற்றூராயிற்று. கொற்கைக்குப் பின் காயலும், காயலுக்குப் பின் தூத்துக்குடியும் துறைமுகமாய் ஓங்கின. இன்றும் தூத்துக்குடியை முத்துநகர் என்றே மக்கள் வழங்குகின்றனர்.

அக்கரையில் வாழ்ந்த மக்களின் வாழ்வு உடல் உழைப்பின்மேல் எழுந்தது. முத்துக் குளிப்போர் இரவிலேயே தோணியேறி, விடியும் வேளையில் முத்துப் பார்களை அடைவர். கல் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு, மூச்சை அடக்கிப் பல பாக ஆழத்தில் இறங்குவர். கண்மூடித் திறப்பதற்குள் சிப்பிகளை வாரிப் பையில் இட்டுக் கயிற்றை அசைப்பர். தோணியில் நிற்போர் அவர்களை மேலே இழுப்பர். ஒரு நாளில் இவ்வாறு பன்முறை இறங்கி ஏறுவது அவர் தொழில்.

கரையிலும் உழைப்பே ஆட்சி செய்தது. கடல் ஆழங் குறைந்ததாகையால் பெருங்கப்பல்கள் கரைக்கு வர இயலவில்லை. அவை தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. தோணிகளே சரக்கைக் கொண்டு சென்றன, கொண்டு வந்தன. மூட்டைகள் மனிதர் முதுகில் ஏறி இறங்கின. உப்பளங்களில் ஆடவரும் பெண்டிரும் கொளுத்தும் வெயிலில் பாத்திகளில் நின்று உப்பு வாரினர். தேரிக்காட்டுப் பனைகளில் பனைத் தொழிலாளர் காலையும் மாலையும் ஏறி இறங்கினர்.

காலம் மாறிற்று. 1961ஆம் ஆண்டுக்குப் பின் அக்கரையில் முத்துச் சலாபம் நடைபெறவில்லை. 1974ஆம் ஆண்டு தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்றது. 2011ஆம் ஆண்டு வ. உ. சிதம்பரனார் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது. கப்பல்கள் கரையை ஒட்டியே வந்து நிற்கின்றன. பத்துப் பேர் சுமந்த பாரத்தைப் பாரந்தூக்கி ஒரு நொடியில் தூக்கி வைக்கிறது. அடுத்த தெருவிற்குச் செல்வோரும் வண்டியேறியே செல்கின்றனர்.

இம்மாற்றம் பெரிதும் நன்மையே. முதுகெலும்பு தேயச் சுமை சுமப்பதும், மூச்சடக்கி உயிரைப் பணயம் வைப்பதும் மீண்டும் வரவேண்டும் என்று அறிவுடையோர் விரும்பார். எனினும், சுமை நீங்கியபோது அதனோடு உடலின் அசைவும் நீங்கிவிட்டது. உழைத்த உடலுக்கு வேண்டிய உணவு மட்டும் உழையாத உடலுக்கும் அப்படியே நின்றது. இதன் பயனாக ஒரு நோய் தமிழ்நாட்டின் வீடுதோறும் புகுந்து வருகிறது. அதுவே நீரிழிவு நோய்.

2023ஆம் ஆண்டு வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்திய நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் இந்நோய் உடையவர் என மதிப்பிட்டது. நோயின் வாயிலில் நிற்போர் 13 கோடிக்கும் மேற்பட்டோர் என்றும் அது கூறிற்று. பரம்பரை, உணவு, உடற்பருமன், வயது ஆகிய பல காரணங்கள் இந்நோய்க்கு உண்டு. அவற்றுள் பரம்பரையையும் வயதையும் மனிதன் மாற்ற இயலாது. உணவையும் உடலுழைப்பையும் மாற்ற இயலும். மாத்திரையை மறவாது உண்போர் பலர்; நடையை மறவாது நடப்போர் சிலரே. மருந்துக்கு அளிக்கும் மதிப்பை உடற்பயிற்சிக்கும் அளித்தல் வேண்டும். அதனைப் போலவே அளவறிந்து கொள்ளவும் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் கேடு விளையும்.

குருதியும் சர்க்கரையும்

நீரிழிவு என்னும் பெயரே நோயின் இயல்பை ஒருவாறு உணர்த்தும். இழிதல் என்பது கீழிறங்கி ஒழுகுதலைக் குறிக்கும் சொல். குருதியில் சர்க்கரை மிகும்போது சிறுநீரகங்கள் அதனை நீரோடு வெளியேற்ற முயல்கின்றன. அதனால் நீர் அடிக்கடி கழியும்; தாகம் மிகும்; உடல் இளைக்கும். அந்நீர் இனிப்புடையது என்பதைப் பண்டை மருத்துவர் அறிந்திருந்தமையால் மதுமேகம் என்ற பெயரும் ஏற்பட்டது.

உடல்நலமுடைய ஒருவரின் குருதி முழுவதிலும் ஓடும் சர்க்கரையின் அளவு ஏறத்தாழ 4 அல்லது 5 கிராம். அஃதாவது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்குவது. இச்சிறிய அளவு மிகுதியாகக் கூடாமலும் குறையாமலும் உடல் அதனைக் காத்து வருகிறது. காலையில் உணவு கொள்ளுமுன் 100 மில்லிலிட்டர் குருதியில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் சர்க்கரை இருப்பது சோதனையில் மீண்டும் உறுதிப்பட்டால் அது நீரிழிவு எனப்படும்.

இந்நோய் உண்டாகும் வகையைத் துறைமுகத்தைக் கொண்டே விளக்கலாம். உண்ட உணவு சர்க்கரையாக மாறிக் குருதியில் சேர்வது, கப்பலினின்று சரக்கு கரையில் இறங்குவது போன்றது. உடலின் தசைகளும் பிறவும் அச்சரக்கு சென்று சேரவேண்டிய பண்டகசாலைகள். அவற்றின் கதவைத் திறக்கும் திறவுகோல் கணையம் என்னும் உறுப்புச் சுரக்கும் இன்சுலின் ஆகும். சரக்கு இறங்குகிறது, திறவுகோல் கதவைத் திறக்கிறது, சரக்கு உள்ளே செல்கிறது, கரை வெறுமையாகிறது. இது நலமுடைய உடலின் நிலை.

திறவுகோல் இல்லாது போனால் என்ன ஆகும்? கதவு திறவாது; சரக்கு கரையில் குவியும். சிறுவர்க்கும் இளைஞர்க்கும் பெரும்பாலும் வரும் முதல் வகை நீரிழிவின் இயல்பு இது. அவர்க்கு இன்சுலினை ஊசி வழியாக நாள்தோறும் செலுத்துதல் இன்றியமையாதது. திறவுகோல் இருந்தும் பூட்டுத் துருப்பிடித்தால் என்ன ஆகும்? பல திறவுகோல்கள் கொண்டு முயன்றாலும் கதவு எளிதில் திறவாது. நாளடைவில் திறவுகோல் செய்வோனும் களைத்துப் போவான். வயது வந்தோர்க்கு மிகுதியாக வரும் இரண்டாம் வகை நீரிழிவு இத்தன்மையது. நீரிழிவுடையோருள் மிகப் பலர் இவ்வகையினரே.

கரையில் குவிந்த சரக்கு அழுகி ஊரைக் கெடுப்பது போல, குருதியில் தங்கிய சர்க்கரை உடலைக் கெடுக்கிறது. கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் ஆகிய உறுப்புகள் சிறிது சிறிதாகப் பழுதுறுகின்றன. வலி தோன்றாமலே இவ்வழிவு நிகழ்வதுதான் இந்நோயின் கொடுமை.

தசையின் தொழில்

உடற்பயிற்சி ஈண்டுச் செய்யும் உதவி வியப்பிற்குரியது. தசைகள் அசையும்போது அவை இன்சுலினுக்காகக் காத்திருப்பதில்லை. பண்டகசாலையின் முன்கதவு பூட்டியிருந்தாலும், உள்ளே வேலை செய்வோர் பக்கக் கதவைத் தாமே திறந்து சரக்கை இழுத்துக்கொள்வது போல, உழைக்கும் தசை சர்க்கரையைத் தானே ஏற்றுக்கொள்கிறது. சர்க்கரையை உள்ளே கொண்டுசெல்லும் புரதம் ஒன்று தசையணுவின் உட்புறத்திலிருந்து மேற்பரப்பிற்கு வருவதே இதற்குக் காரணம் என அறிவியலார் கண்டுள்ளனர். இன்சுலினும் இதனை அழைத்து வரும். உழைப்பும் இதனை அழைத்து வரும்.

நடந்து முடித்த பின்னும் இந்நன்மை உடனே மறைந்துவிடாது. செலவழிந்த சேமிப்பை நிரப்பிக்கொள்வதற்குத் தசை மேலும் சர்க்கரையை நாடுகிறது. துருப்பிடித்த பூட்டும் சற்றே இளகுகிறது. அஃதாவது, இன்சுலின் முன்னினும் எளிதில் வேலை செய்கிறது. இந்நிலை ஒரு நாள் முதல் இரண்டு மூன்று நாள் வரையில் நீடிக்கும், பின்னர் மங்கிவிடும். ஆகவேதான், இடையே இரண்டு நாளுக்கு மேல் பயிற்சியை விடலாகாது என மருத்துவர் அறிவுறுத்துகின்றனர். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ஐந்து மணி நேரம் நடந்துவிட்டு, மற்றை ஆறு நாளும் சாய்ந்திருப்பவர் அடையும் பயன் சிறிதே. உணவை ஒரு நாளில் உண்டு வாரம் முழுவதும் பட்டினி கிடத்தல் இயலாதது போன்றதே இதுவும்.

உண்டபின் சிறிது நேரம் மெல்ல நடத்தல் மிகவும் பயன் தரும். சரக்கு கரையில் இறங்கும் அந்நேரத்திலேயே தசையின் பக்கக் கதவும் திறந்துவிடுவதால் சர்க்கரை பெரிதும் ஏறாமல் அடங்குகிறது. பளு தூக்குதல், உட்கார்ந்து எழுதல் போன்ற தசை வலுப்பயிற்சிகள் பண்டகசாலையையே பெரிதாக்குவன. நடையும் வலுப்பயிற்சியும் சேர்ந்தால் பயன் இரட்டிக்கும். நெடுநேரம் ஒரே இடத்தில் அமர்ந்து தொழில் செய்வோர் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதும் நன்றே.

ஆராய்ச்சி காட்டும் உண்மை

உழைப்பு நீரிழிவுக்கு நன்று என்பது புதிய கண்டுபிடிப்பு அன்று. வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை, இந்நோயுற்ற வறியவர் காலணியும் குடையும் இன்றி நூறு யோசனைத் தொலைவு நடந்து செல்லுதல் வேண்டும் என்று விதித்துள்ளது; கிணறு தோண்டுதலையும் கூறியுள்ளது. இன்சுலின் என்னும் சொல்லே இல்லாத காலத்தில் இவ்வுண்மையைக் கண்ட பண்டையோர் நுண்ணறிவு போற்றத் தக்கது.

கனடா நாட்டு டொரண்டோ நகரில் பேண்டிங்கும் பெஸ்டும் 1921ஆம் ஆண்டு இன்சுலினைக் கண்டறிந்தனர். அதற்கு ஐந்தாண்டு கழித்து, 1926ஆம் ஆண்டில், இலண்டன் மருத்துவர் ஆர். டி. லாரன்சு ஓர் உண்மையை வெளியிட்டார். இன்சுலின் செலுத்திக்கொண்டவர் உடற்பயிற்சியும் செய்தால் சர்க்கரை மேலும் விரைந்து இறங்குகிறது என்பதே அது. அவர் தாமே நீரிழிவு நோயுடையவர். இன்சுலினால் உயிர் பிழைத்தவர். அமெரிக்க மருத்துவர் ஜாசுலின் உணவுக் கட்டுப்பாடு, இன்சுலின், உடற்பயிற்சி ஆகிய மூன்றையும் ஒரு தேரை இழுக்கும் மூன்று குதிரைகளுக்கு ஒப்பிட்டார். ஒரு குதிரை நொண்டினாலும் தேர் நேரே செல்லாது அன்றோ?

தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டிலேயே சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மருத்துவர் மு. விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். பின்னாளில் சென்னையில் நடைபெற்ற ஓர் ஆய்வு உலகத்தாரின் கவனத்தை ஈர்த்தது. மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவருடன் உழைத்தோரும், நோயின் வாயிலில் நின்ற 531 பேரைத் தேர்ந்து நான்கு குழுவாகப் பிரித்தனர். ஒரு குழுவினர்க்குப் பொதுவான அறிவுரை மட்டும் கூறினர். மற்றொரு குழுவினர்க்கு அளவான உணவையும், நாள்தோறும் அரை மணி நேரத்திற்குக் குறையாத நடையையும் பழக்கினர். வேறொரு குழுவினர்க்கு மாத்திரை தந்தனர். நான்காம் குழுவினர்க்கு இரண்டையும் தந்தனர். உடலுழைப்பையே தொழிலாகக் கொண்டவர்களை அதனையே தொடரச் செய்தனர்.

2006ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முடிவு கருதத் தக்கது. மூன்றாண்டுக்குள், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோரில் 100க்கு 55 பேர் நோயாளராயினர். உணவையும் நடையையும் ஒழுங்கு செய்தோரில் 100க்கு 39 பேரே நோயுற்றனர். மாத்திரை பெற்ற குழுவினரின் எண்ணிக்கையும் ஏறத்தாழ இதுவே. இரண்டையும் ஒருங்கே பெற்றோர்க்கும் இதனினும் மிகுந்த பயன் விளையவில்லை. ஆக, ஒழுங்கான நடையும் உணவும் ஒரு மாத்திரைக்கு நிகராக நின்றன என்பது பெறப்பட்டது. சீன நாட்டு டாசிங் நகரில் 1986ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வும் இதனையே வலியுறுத்துகிறது. அங்கு ஆறாண்டில், பயிற்சி பெறாதவரில் 100க்கு 68 பேர் நோயுற்றனர். உடற்பயிற்சி மட்டும் மேற்கொண்டோரில் 41 பேர் நோயுற்றனர்.

இவ்வெண்களை நேர்மையாக நோக்குதல் வேண்டும். நடந்தவருள்ளும் பலர் நோயுற்றனர். ஆகையால் நடப்பவர்க்கு நோய் வாராது என்று சொல்லுதல் பொய். நடப்பவர்க்கு நோய் வரும் வாய்ப்புக் குறைகிறது, வந்தவர்க்கும் அது அடங்குகிறது என்பதே மெய்.

அளவும் காவலும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பழமொழி. உடற்பயிற்சி மருந்து என்றால், மருந்துக்குரிய அளவும் காவலும் அதற்கும் உண்டு. வாரத்திற்கு 150 நிமிடம், மூச்சுச் சிறிது வாங்கும் அளவில் விரைந்து நடத்தல் வயது வந்தோர்க்குப் பொதுவாக விதிக்கப்பெறும் அளவு. நாளொன்றுக்கு அரை மணியாக ஐந்து நாள் நடந்தால் இது நிறைவேறும்.

இன்சுலின் செலுத்திக்கொள்வோரும், இன்சுலினை மிகுதியாகச் சுரக்கச் செய்யும் மாத்திரை உண்போரும் மிகவும் கருத்தாயிருத்தல் வேண்டும். மருந்தும் கதவைத் திறக்க, உழைப்பும் கதவைத் திறக்க, கரையிலுள்ள சரக்கு முழுவதும் வடிந்துவிடக் கூடும். குருதியில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அது தாழ்சர்க்கரை எனப்படும். கை நடுங்கும், வியர்வை பெருகும், பசி மிகும், பேச்சுத் தடுமாறும், கவனியாது விட்டால் நினைவு தவறும். வெகுநேரம் விளையாடிய நாளில் அன்றிரவு உறக்கத்திலும் இது நேரலாம். ஆகவே இவர்கள் பயிற்சிக்கு முன் சர்க்கரையை அளந்து பார்த்தலும், சட்டைப் பையில் சர்க்கரையோ குளுக்கோசோ வைத்திருத்தலும் கட்டாயம். அளவு 90க்குக் கீழிருந்தால் சிறிது உண்ட பின்னரே பயிற்சியில் இறங்குதல் வேண்டும்.

மிகுதியும் ஆபத்தே. இன்சுலின் போதாமையால் சர்க்கரை மிக ஏறி, குருதியில் கீட்டோன் என்னும் நச்சுப் பொருளும் சேர்ந்திருக்கும் வேளையில் கடும்பயிற்சி செய்தால் நோய் முற்றும். அப்போது மருத்துவரை நாடுதலே முறை.

முத்துக்கரையின் பழந்தொழிலை எண்ணுவோர்க்கு இக்காவலின் இன்றியமையாமை நன்கு விளங்கும். கரையில் நடப்பவர்க்குத் தலை சுற்றினால் உட்காரலாம், அருகிலிருப்போரை அழைக்கலாம். கடலின் அடியில் இறங்கினவர்க்கு அவ்வாய்ப்பு ஏது? அதனாலேயே, மூச்சுக் கருவியுடன் கடலில் மூழ்கும் நீரிழிவு நோயாளர்க்கென 2005ஆம் ஆண்டு வல்லுநர் வகுத்த நெறிகள், மூழ்குமுன் சர்க்கரை குறைந்தது 150 மில்லிகிராமாவது இருத்தல் வேண்டும் என்றும், அது இறங்கும் போக்கில் இருத்தல் ஆகாது என்றும் கூறுகின்றன. சங்கு குளிக்கும் தொழில் செய்வோர் அக்கரையில் இன்றும் உளர். அவருள் நீரிழிவுடையார் தம் நோயை மறைத்துக் கடலில் இறங்குதல் உயிரோடு விளையாடுதலாகும். மருத்துவரிடமும் உடன் வரும் தோணிக்காரரிடமும் சொல்லிவிடுதலே அறிவுடைமை.

பாதங்களையும் மறத்தல் ஆகாது. நோய் நாட்பட்டால் காலின் உணர்ச்சி குன்றும். சுடுமணல் சுடுவதும், உடைந்த சிப்பியோடு குத்துவதும் தெரியாமற் போகும். சிறு புண் பெரும் புண்ணாகிக் காலையே இழக்க நேரிடும். ஆகவே, நடத்தல் வேண்டும் என்ற பண்டை மருத்துவ நூலின் கூற்றைக் கொள்ளுதல் தகும். காலணியின்றி நடத்தல் வேண்டும் என்ற கூற்றைத் தள்ளுதல் தகும். பழமை என்பதற்காக எல்லாம் நன்றாகா. பழமை என்பதற்காக எல்லாம் தீதுமாகா. பொருந்தும் காலணி அணிந்து, வீடு திரும்பியதும் பாதத்தைக் கழுவித் துடைத்து நோக்குதல் நல்ல வழக்கம். தூத்துக்குடி வெயில் கடுமையானது. விடியற்காலையும் மாலையுமே நடைக்கு ஏற்ற பொழுதுகள்.

தவறான எண்ணங்கள்

இந்நோய் குறித்து அக்கரையில் மட்டுமன்றித் தமிழ்நாடெங்கும் சில தவறான எண்ணங்கள் வேரூன்றியுள்ளன. அவற்றைக் களைதல் வேண்டும்.

நாள் முழுதும் உழைப்பவர்க்கு இந்நோய் வாராது என்பது ஒன்று. உழைப்பு நோயை எதிர்க்கும் அரண் என்பது உண்மையே. ஆயினும் ஏறற்கரிய அரண் அன்று. உப்பளத் தொழிலாளிக்கும் நோய் வரலாம். அவர் படும்பாடு உடற்பயிற்சிக்கு ஒப்பாகாது. போதிய நீரும் நிழலும் ஓய்வும் இன்றி வெயிலில் வாடுவது உடலை வருத்துமேயன்றி வளர்க்காது. அவரும் ஆண்டுக்கொருமுறை குருதிச் சோதனை செய்துகொள்ளல் வேண்டும். உப்பு நீரில் நிற்கும் அவர் பாதங்களுக்கு ஏற்ற காலணியும், வேலையிடத்தில் நிழலும் குடிநீரும் அளித்தல் வேலை கொடுப்போர் கடமை.

கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்பது மற்றொன்று. உடன்குடிக் கருப்பட்டியின் சுவையும் மணமும் புகழ் பெற்றவை. ஆனால் அதன் பெரும்பகுதியும் சர்க்கரையே. பனையில் விளைந்தாலும் கரும்பில் விளைந்தாலும் குருதியில் சேர்ந்தபின் இரண்டும் செய்வது ஒரே தொழில்தான். கருப்பட்டிக் காப்பியை மனம்போல் அருந்திவிட்டு, நடந்து சரிசெய்வோம் என்று எண்ணுவதும் பேதைமை. நடை உணவுக் கட்டுப்பாட்டுக்குத் துணை, மாற்று அன்று.

நடந்தால் மருந்தை நிறுத்திவிடலாம் என்பது மூன்றாவது. மிகவும் தீயதும் இதுவே. துறைமுகத்தில் ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் நாள்தோறும் முத்துநகர்க் கடற்கரையில் நடந்து வருகிறார் என்று கொள்வோம். சர்க்கரை சிறிது குறைந்ததும் அவர், "நடந்தே நோயை வென்றுவிட்டேன், இனி மாத்திரை எதற்கு?" என்கிறார். பள்ளியில் பயிலும் அவருடைய பேத்தி, "தாத்தா, நீங்கள் நடந்ததனாலும் மாத்திரை உண்டதனாலும் சேர்ந்துதானே சர்க்கரை குறைந்தது? மாத்திரையைக் குறைக்கலாமா என்பதை டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்" என்கிறாள். அப்பேத்தியின் சொல்லே அறிவு. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் செயல். முதல் வகை நீரிழிவுடையோர் இன்சுலினை நிறுத்துவது உயிருக்கே இறுதியாக முடியும்.

ஊரின் கடமையும் பள்ளியின் கடமையும்

நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லுதல் எளிது. நடப்பதற்கு இடம் வேண்டாவா? வண்டிகள் விரையும் சாலையில், ஓரம் உடைந்து, விளக்கின்றிக் கிடக்கும் வழியில் முதியோரும் பெண்டிரும் எங்ஙனம் நடப்பர்? நடைபாதையும் நிழல் மரமும் விளக்கும் மருத்துவமனையைப் போன்றே நோய் தீர்க்கும் கருவிகள். ஊராட்சியும் நகராட்சியும் இவற்றை அலங்காரமாக எண்ணாமல் அறமாக எண்ணுதல் வேண்டும். தமிழ்நாட்டரசு 2021ஆம் ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் நீரிழிவு மருந்தை வீட்டு வாயிலுக்கே கொண்டு சேர்த்தது. 2023ஆம் ஆண்டு தொடங்கிய நடப்போம் நலம் பெறுவோம் என்னும் திட்டம் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைக்கு வழி வகுத்தது. மருந்தும் நடையும் ஒருங்கே செல்லவேண்டும் என்னும் கொள்கை இவற்றால் விளங்கும். பாதை அமைத்தல் தொடக்கமே. அதனைப் பேணுதலும், மக்கள் அதில் நாள்தோறும் நடத்தலுமே நிறைவு.

பள்ளிகளுக்கும் கடமை உண்டு. 5 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாள்தோறும் ஒரு மணி நேரம் உடலசைவு கொள்ளுதல் வேண்டும் என உலக நல நிறுவனம் கூறுகிறது. தேர்வு நெருங்கியதும் உடற்பயிற்சி வகுப்பைப் பறித்துக் கணக்கிற்கும் அறிவியலுக்கும் கொடுத்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது வேரை வெட்டிக் கிளைக்கு நீர் பாய்ச்சுவது போன்றது. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். முதியோர்க்கு மட்டுமே உரியது என்றிருந்த இரண்டாம் வகை நீரிழிவு இன்று இளைஞரையும் பற்றுகிறது. விளையாட்டு வகுப்பும் ஒரு பாடமே என்பதை ஆசிரியரும் பெற்றோரும் உணர்தல் நன்று.

மாணாக்கர்க்கும் ஒரு தனிக் கடமை உண்டு. முதல் வகை நீரிழிவுடைய பிள்ளை ஒருவர் வகுப்பில் இருக்கலாம். அந்நோய் தொற்றுநோய் அன்று. இனிப்பு மிகுதியாக உண்டதால் வந்ததும் அன்று. அப்பிள்ளையை விளையாட்டினின்று விலக்குதல் கொடுமை. தக்க காவலோடு எல்லா விளையாட்டும் அவர்க்கும் உரியவையே. விளையாடும்போது அவர் கை நடுங்கி வியர்த்துத் தடுமாறினால், உடனே ஆட்டத்தை நிறுத்தி, சர்க்கரையோ இனிப்பு நீரோ கொடுத்து, ஆசிரியரிடம் தெரிவித்தல் வேண்டும். கால் மணி நேரத்தில் தெளிவு வாராவிடின் மீண்டும் கொடுத்தல் வேண்டும். நினைவு தவறியவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. மருத்துவ உதவியை விரைந்து நாடுதலே வழி. இவ்வளவு அறிந்த தோழன் ஒருவன் அருகிலிருப்பது அப்பிள்ளைக்குப் பெருங்காவலாகும்.

வீட்டிலும் மாணாக்கர் செய்யத்தக்கது உண்டு. தாத்தாவும் பாட்டியும் தனியே நடக்கத் தயங்குவர். மாலையில் அவர் கைப்பற்றி அரை மணி நேரம் உடன் நடந்தால் இருவர்க்கும் நலம். நடக்கும் வழியில் முதியோர் கடலையும் தோணியையும் முத்துக் குளித்த நாட்களையும் பற்றிக் கூறுவர். இளையோர் கேட்டு மகிழ்வர். ஒரு செலவுமின்றி இரண்டு ஆதாயம் கிட்டும்.

நடை என்னும் தமிழ்ச்சொல் காலால் நடப்பதை மட்டுமன்றி ஒழுக்கத்தையும் குறிக்கும். நாள்தோறும் தவறாது நடப்பவர் உடலைப் பேணும் ஒழுக்கத்தையே பேணுகிறார். முன்னோர் மூச்சடக்கிக் கடலில் மூழ்கி முத்தெடுத்தனர். உடல்நலம் என்னும் முத்தை எடுப்பதற்கு அத்துணை இன்னல் வேண்டுவதில்லை. மருந்தை மறவாமலும் அளவை மீறாமலும் நாள்தோறும் நடந்தாலே போதும். நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம். நோயுற்ற பின்னும் அதனை அடக்கி வாழும் வாழ்வும் செல்வமே.